துண்டுச் சீட்டும் வங்குரோத்தும்

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. நாடு வங்குரோத்து அடைந்துவிட்டதென எழுதினோம். பின்னர் கடன் கொடுத்தோருடன் பேசி அரசு தன் கடனை மறுசீரமைத்துக் கொண்டது. முடியாதவனுக்கு ஒரு மீட்சி வழி இருக்கவேண்டும் என்பது நியாயமே. ஆனால் அந்த வழி இந்நாட்டில் எல்லோருக்கும் கிட்டியதா என்பதே என் கேள்வி.

நொடித்துப்போனவர்களுக்கான கட்டளைச்சட்டம் இங்கு 1853 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வியாபாரத்தில் நொடித்த ஒருவர் தம் சொத்தை ஒப்படைத்து, நீதிமன்றின் சான்றிதழ் பெற்று, பழைய கடன்களினின்று விடுபட அது இடமளித்தது. அதே காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் இன்னொரு கடன் வளர்ந்துகொண்டிருந்தது.

அக்கடன் மிக எளிதாகக் கிடைத்தது. தமிழகக் கிராமத்துக்கு வந்த கங்காணி வழிச்செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் முற்பணம் கொடுத்தார். பிணை கேட்கவில்லை, ஆளே பிணை. தோட்டத்தில் கொடுக்கப்பட்ட அரிசியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கலியாணம், கருமாதி என்றால் மீண்டும் கங்காணியிடமே கைநீட்ட வேண்டும். கணக்கு அவரிடம் இருந்தது. தன் கடன் எவ்வளவு என்பதைத் தொழிலாளி பெரும்பாலும் அறியார்.

வேறு தோட்டம் செல்வதாயின் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்தக் கங்காணியையும் அவரது ஆட்களையும் விடுவிப்பேன் என்பதே அச்சீட்டின் சாரம். ஆட்பற்றாக்குறை நிலவிய காலங்களில் தோட்டங்கள் போட்டியிட்டு முற்பணத்தை உயர்த்தின. கங்காணி துண்டோடு அலைந்து, கூடுதலாகக் கொடுப்பவரிடம் ஆட்களைக் கொண்டுசென்றார். ஒவ்வொரு இடமாற்றத்திலும் கடன் ஏறியது. கடனை அடைப்பதற்காக அன்றி, கடனைக் கைமாற்றுவதற்காகவே மனிதர்கள் இடம்பெயர்ந்தனர்.

முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினால் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சிறை காத்திருந்தது. சட்டத்துக்கு அப்பால் மானமும் தடுத்தது. கங்காணி சொந்த ஊரவர். சில வேளை உறவினர். அவரிடம் பட்ட கடனை விட்டு ஓடினால் ஊரில் முகம் காட்ட இயலாது. வியாபாரியின் நொடிப்பைத் துரதிர்ஷ்டம் என்ற சமூகம், தொழிலாளியின் கடனை ஒழுக்கக்கேடு என்றது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, இக்கொடுமைகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆயினும் மனப்போக்கு ஒழியவில்லை. போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் வீட்டு வாசலுக்கே வந்த நுண்நிதிக் கடன்களும் எளிதாகவே கிடைத்தன. அக்கடனிலும் அயலிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். தவணை தவறியவர் அயலவர் முன்னிலையில் தலைகுனிந்தார். 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையிலான கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டு மத்திய வங்கி வருட வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதித்தது. அந்த உச்சவரம்பே, அதற்கு முன் அறவிடப்பட்ட வட்டியின் கொடுமைக்குச் சாட்சி.

வரவு செலவுத் திட்டத்தில் ‘துண்டு விழும் தொகை’ என்று ஆண்டுதோறும் எழுதிப் பழகியவர்கள் நாம். அரசுக்குத் துண்டு விழுந்தால் அது பொருளாதாரம். ஏழைக்குத் துண்டு விழுந்தால் அது குற்றம். இந்தப் பேதம் நீங்காதவரை, 1921 இல் ஒழிந்தது சீட்டு மட்டுமே.