இலங்கையின் நெசவும் ஆடைத் தொழிலும்

இலங்கையில் துணி நெய்யும் தொழிலும் ஆடை தைக்கும் தொழிலும் வெவ்வேறு வழியில் போனவை. 1970–77 காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் உள்ளூர்த் துணிக்குக் கிராக்கி இருந்தது. துல்கிரிய, வெயாங்கொடை, பூகொடை ஆலைகளோடு கிராமங்களில் கைத்தறிகளும் விசைத்தறிகளும் ஓடின. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்தனா அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் மலிவான வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. நெசவு நிலையங்கள் மூடப்பட்டன. வேலையிழந்தோரில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். ஏற்றுமதிக் கணக்கில் தென்படாத இழப்பு இது. ஆனால் ஆடைத் தொழிலின் வரலாற்றை இதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. பல்லிழை ஒப்பந்தத்தின்கீழ் மேற்கு நாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் இறக்குமதிக் கோட்டா வைத்திருந்தன. ஹொங்கொங்கில் கோட்டா போதாமல் தவித்த முதலாளிகள், அது மிச்சமிருந்த இலங்கைக்கு வந்தார்கள். துணியும் பொத்தானும் ஜிப்பும் கப்பலில் வந்தன. இங்கே நடந்தது வெட்டுவதும் தைப்பதும்தான்.

1983 ஜூலை வன்செயலில் தமிழருக்குச் சொந்தமான ஆலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் எரிக்கப்பட்டன. அங்கு வேலை பார்த்த சிங்களத் தொழிலாளருக்கும் பிழைப்பு போயிற்று. வரவிருந்த அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் பின்வாங்கின. ஆடைத் தொழில் மட்டும் நிலைத்தது. தையல் இயந்திரங்களுக்குப் பெரிய முதல் தேவையில்லை. இலங்கையின் கோட்டாவையோ வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1986இல் ஆடை ஏற்றுமதி தேயிலையை முந்தியது. 1992இல் பிரேமதாச அரசு கிராமங்களில் 200 தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோதும் போரில் சிக்கியிருந்த வடக்குக்கு அது எட்டவில்லை. கிழக்கில், கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன மருதமுனை, போரால் நலிந்திருந்த நிலையில் 2004 ஆழிப்பேரலையிலும் அடிபட்டது.

2001 ஜூலை 24 அன்று விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் விமான நிலையத்தையும் தாக்கினர். உடனே கொழும்புக்கு வரும் கப்பல்களுக்குப் போர் அபாயக் காப்புறுதிக் கட்டணம் எகிறியது. துணியை இறக்கி, தைத்து, மறுபடி ஏற்றும் தொழிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அடி.

2005இல் கோட்டா முறை ஒழிந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை கொடுத்தது. 2009இல் போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலை வந்தது. போரில் குடும்பத்துக்கு உழைத்துப் போட்டவரை இழந்த பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. ஆனால் 2010 ஆகஸ்டில், மனித உரிமை உடன்படிக்கைகளை அரசு நடைமுறைப்படுத்தவில்லை என்று ஒன்றியம் சலுகையை நிறுத்தியது. அரசின் குற்றத்துக்கான சுமை தொழிற்சாலைகள்மீது ஏறியது. 2017 மே மாதம்தான் சலுகை திரும்பக் கிடைத்தது.