ராத்திரியில் ஏன் ரத்தம் எடுத்தார்கள்?

யானைக்கால் கணக்கெடுக்க எங்க பக்கம் ராத்திரியிலதான் வந்து விரலைக் குத்துவாங்க. காரணம், நிணநீர்க் குழாயில குடியிருக்கிற புழுவோட குஞ்சுகள் கொசு கடிக்கிற நேரத்துலதான் ரத்தத்துக்கு வரும். அவை கொசுவுக்குள் வளர்வதை 1877இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டார்.

நம்ம உடம்பு சும்மாவா விடும்? விடுதே! எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தி, புழு 6-8 வருஷம் வாழுது. ரத்தத்துல குஞ்சு நிறைய உள்ளவருக்குப் பல நேரம் வீக்கமே தெரியாது. உடம்பு மல்லுக்கு நிற்கிறவருக்குத்தான் பெரும்பாலும் கால் வீங்குது.

அதனாலதான் 2004இல் நாடு தழுவித் தொடங்கிய திட்டத்தில், நோய் உள்ள மாவட்டங்கள்ல நல்லா இருக்கிறவங்களுக்கும் மாத்திரை கொடுத்தாங்க. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"னு சொல்ற ஆள்கிட்ட இருந்துதான் கொசு அடுத்த வீட்டுக்குப் புழுவைக் கொண்டுபோகும்.