கோப்பிலிருந்து தட்டுக்கு: நம் வீட்டு விசிடி, டிவிடிக் காலத்தின் வரலாறு



வரலாறு என்றாலே நம் மாணவர்களுக்கு மலாக்காவும் பரமேஸ்வராவும்தான் நினைவுக்கு வரும். வீட்டு அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் விசிடிக்கும் வரலாறு உண்டு என்றால் சிரிப்பார்கள். காரணம், விளைவு, தொடர்ச்சி, மாற்றம் என்று வகுப்பில் நாம் சொல்லித்தரும் எல்லாமே அந்தத் தட்டில் இருக்கிறது. என் வீட்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

2005-ஆம் ஆண்டு. நான் படிவம் 4 மாணவன். கனடாவில் இருந்த சித்தி மகளுக்குத் திருமணம். எங்களால் போக முடியவில்லை. திருமணக் காணொளியை அவர்கள் இணையத்தில் ஏற்றி, பதிவிறக்கம் செய்துகொள்ளச் சொன்னார்கள். 2 மணி 20 நிமிடம் ஓடும் கோப்பு. அளவு 700 மெகாபைட். எங்கள் வீட்டு இணைப்பின் வேகம் 512 கிலோபிட். கணக்குப்படி மூன்று மணி நேரம் போதும். இணைப்பு அறுந்து அறுந்து, ஒரு ராத்திரி முழுக்க ஆனது.

கணினியில் படம் நன்றாகவே ஓடியது. ஆனால் பாட்டியால் அவ்வளவு நேரம் கணினி முன் உட்கார முடியாது. "டிவியில போடேன்யா, சாஞ்சிக்கிட்டே பாக்குறேன்" என்றார். நலங்கில் பாட்டியின் தங்கை ஐந்து பாட்டுப் பாடியிருந்தார். பாட்டி பார்க்க ஏங்கியது மணமக்களை அல்ல, அந்தத் தங்கையைத்தான்.

இதென்ன பெரிய வேலை என்று கோப்பை அப்படியே ஒரு சிடியில் பதிந்து பிளேயரில் போட்டேன். 700 மெகாபைட் கோப்பு, 700 மெகாபைட் தட்டு. அளவு சரியாகத்தான் இருந்தது. பிளேயரோ தட்டைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று வெளியே தள்ளியது. ஏன்?

இசைத்தட்டில் ஏறிய படம்

விடை தேட 1982-க்குப் போக வேண்டும். ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய இசைக் குறுந்தட்டு அந்த ஆண்டுதான் விற்பனைக்கு வந்தது. அது பாட்டுக்காகச் செய்யப்பட்ட தட்டு. ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட் என்ற வேகத்தில்தான் தகவல் வெளிவரும்.

அதே தட்டில் படத்தையும் ஏற்ற முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 352 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம், வினாடிக்கு 25 படம். இதைச் சுருக்காமல் வைத்தால் வினாடிக்குச் சுமார் 3 கோடி பிட் வேண்டும். தட்டு தருவதோ 14 லட்சம். ஒலிக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டும். ஆகவே படத்தை ஏறத்தாழ 26-இல் ஒரு பங்காகச் சுருக்கியே தீர வேண்டும். அப்படிச் சுருக்கும் முறைதான் எம்பெக்-1. அதை வைத்து 1993-இல் ஃபிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் வீடியோ சிடிக்கான விதிகளை வகுத்தன. படத்துக்கு வினாடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்; இசைத்தட்டின் வேகத்துக்குள் கச்சிதமாக அடங்கும்.

அதாவது, விசிடியின் படத்தெளிவை முடிவு செய்தது 1982-இன் இசைத்தட்டு. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டாக வந்ததும் இதனால்தான். ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம் மட்டுமே அடங்கும்.

மேற்கு நாடுகளில் விசிடி பெரிதாக எடுபடவில்லை. நம் பக்கம் கொடிகட்டிப் பறந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் வீடியோ நாடாவுக்குப் பூஞ்சை பிடிக்கும். தட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. பிளேயரும் மலிவு. கராவோக்கே பிரியர்களுக்கோ கொண்டாட்டம். இடப்பக்க ஒலியில் இசை மட்டும், வலப்பக்க ஒலியில் பாடகர் குரல் என்று பிரித்து வைக்க முடிந்தது. ஹாங்காங் படங்களில் ஒரு பக்கம் கெண்டனீஸ், மறுபக்கம் மாண்டரின் வந்ததும் இதே வசதியால்தான்.

டிபன் கேரியர் வேறு, சமையல் வேறு

இனி நான் பதிவிறக்கிய கோப்புக்கு வருவோம். அதன் பெயர் ஏவிஐ என்று முடிந்தது. மைக்ரோசாப்ட் 1992-இல் கொண்டுவந்த கோப்பு வகை அது. மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. ஏவிஐ என்பது டிபன் கேரியர் மாதிரி. வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. உள்ளே இருந்தது டிவ்எக்ஸ் என்ற சுருக்க முறையில் சமைத்த படம்.

1990-களின் இறுதியில், மைக்ரோசாப்டின் எம்பெக்-4 சுருக்க நிரலை ஜெரோம் ரோட்டா என்ற பிரெஞ்சுக்காரர் மாற்றியமைத்ததில் பிறந்தது டிவ்எக்ஸ். பின்னர் அதற்கென ஒரு நிறுவனமே உருவானது. திறந்த மூல மென்பொருளான எக்ஸ்விட் 2001-இல் கிளம்பியது. இந்தப் புதிய முறைகளின் பலம் என்ன? விசிடியை விடத் தெளிவான படத்தை விசிடியை விடக் குறைந்த இடத்தில் வைக்க முடிந்தது. ஒரு முழுப்படம் ஒரே சிடியில் அடங்க வேண்டும் என்பதால்தான் இணையக் கோப்புகள் பல 700 மெகாபைட்டுக்கு அளவாக வந்தன.

ஆனால் வீட்டுப் பிளேயருக்குள் இருந்த சில்லுக்கு எம்பெக்-1, எம்பெக்-2 மட்டுமே தெரியும். கணினிக்குப் புது மென்பொருள் ஏற்றிக் கற்றுக்கொடுக்கலாம். பிளேயருக்கு முடியாது. தட்டு வெளியே வந்ததற்குக் காரணம் இடம் போதாதது அல்ல, மொழி புரியாதது.

ராத்திரி முழுக்க ஓடிய வேலை

அப்படியானால் பிளேயருக்குத் தெரிந்த மொழியில் மொழிபெயர்க்க வேண்டும். அன்றைக்குப் பலரும் பயன்படுத்தியது ஜப்பானில் உருவான டிஎம்பெக் என்கோடர். அது படத்தை ஒவ்வொன்றாக விரித்து, மறுபடி எம்பெக்-1 ஆகச் சுருக்கும். பிறகு நீரோ பர்னிங் ரோம் என்ற ஜெர்மானிய மென்பொருளில் விசிடி என்று தேர்ந்தெடுத்து எரிக்க வேண்டும். கி.பி. 64-இல் ரோம் நகரம் எரிந்ததையும் நீரோ மன்னன் மேல் விழுந்த பழியையும் வைத்துச் சூட்டிய வேடிக்கைப் பெயர் அது. 'எரிப்பது' என்ற சொல்லும் பொருத்தம்தான். லேசர் ஒளி, தட்டிலுள்ள சாயப் படலத்தைச் சூடாக்கித்தான் எழுதுகிறது.

இதில் மூன்று கண்ணிகள் இருந்தன.

முதலாவது, அளவு. 700 மெகாபைட்டில் இருந்த 140 நிமிடப் படம் விசிடியானதும் இரண்டு தட்டு ஆனது. தெளிவும் குறைந்தது. நகலை நகலெடுத்த தேர்வுத்தாள் எப்படி மங்குமோ, அப்படித்தான். சுருக்கியதை விரித்து மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு.

இரண்டாவது, நாட்டின் ஒளிபரப்பு முறை. கனடாவில் என்டிஎஸ்சி, வினாடிக்கு 29.97 படம். மலேசியா, சிங்கப்பூர், இந்தியாவில் பால் முறை, வினாடிக்கு 25 படம். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் படம் திக்கித் திக்கி நகரும்.

மூன்றாவது, ஒலி. விசிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி வேண்டும். கோப்பிலோ 48 இருந்தது. மேலும், ஏவிஐக்குள் வேகம் மாறி மாறி வரும் எம்பி3 ஒலி இருந்தால் சில மென்பொருள்கள் கணக்கைத் தவறவிடும். நான் செய்த முதல் தட்டில் அதுதான் நடந்தது. "என்னய்யா, ஐயரு வாயி ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு வருது" என்றார் பாட்டி. ஒலியைத் தனியாகப் பிரித்து, மாற்றி, மறுபடி சேர்த்த பிறகுதான் சரியானது. மூன்று இரவு, நான்கு வீணான தட்டு. அதன்பின் அந்த இரண்டு தட்டையும் பாட்டி எத்தனை முறை பார்த்தார் என்று கணக்கே இல்லை.

டிவிடி தந்த விரிவு

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. ஓரடுக்குத் தட்டில் 4.7 கிகாபைட், ஈரடுக்கில் 8.5 கிகாபைட். படம் எம்பெக்-2, பால் முறையில் 720-க்கு 576 புள்ளி. வீட்டில் டிவிடி எழுதும் கருவிகள் மலிவானதும், ஒரே தட்டில் இரண்டு மணி நேரக் காணொளியை நல்ல தெளிவோடு வைக்க முடிந்தது.

புதுச் சிக்கல்களும் கூடவே வந்தன. 1997-இல் டிவிடி-ஆர் என்ற கழித்தல் வகை, 2002-இல் டிவிடி+ஆர் என்ற கூட்டல் வகை என்று இரண்டு முகாம்கள். பழைய பிளேயர்களில் சில ஒன்றை ஏற்கும், மற்றதை ஏற்காது. கடையில் வாங்கும் தட்டுக்கு வட்டார எண் வேறு. நமக்கு 3, இந்தியாவுக்கு 5. வீட்டில் செய்த தட்டுக்கு இந்தப் பூட்டு இல்லை.

சட்டத்தின் கதை

இதே தொழில்நுட்பம்தான் பசார் மாலாமில் திருட்டுத் தட்டு குவியவும் வழி செய்தது. மலேசியா 2000-இல் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்து, தட்டு தயாரிக்க உரிமம் கட்டாயம் என்றது. சிங்கப்பூர் 2004-இல் இதே நோக்கில் ஒரு சட்டம் இயற்றியது. 2007-இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடோர் நாய்கள் மலேசியாவுக்கு வந்தன. தட்டு செய்யப் பயன்படும் பாலிகார்பனேட்டின் வாசனையை மோப்பம் பிடிப்பதுதான் அவற்றின் வேலை.

இங்கே மாணவர்களிடம் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். நம் குடும்ப விழாவை நமக்காகத் தட்டில் பதிவது வேறு. பிறர் உழைத்து எடுத்த படத்தை அனுமதியின்றி இறக்கிப் பரப்புவது வேறு. கருவி ஒன்றுதான், செயல் ஒன்றல்ல.

தட்டிலிருந்து மறுபடி கோப்புக்கு

2003-க்குப் பிறகு டிவ்எக்ஸ் கோப்பை நேரடியாகவே ஓட்டும் பிளேயர்கள் கடைக்கு வரத் தொடங்கின. அடுத்து யுஎஸ்பி துளை வைத்த பிளேயர்கள், பிறகு அதே துளை வைத்த தொலைக்காட்சிகள். மாற்றும் வேலையே தேவையற்றுப் போனது. எழுதக்கூடிய புளூரே தட்டுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது.

போன வருடம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பாட்டியின் இரண்டு தட்டும் கிடைத்தன. பாட்டி இப்போது இல்லை. அவர் தங்கையும் இல்லை. தட்டைப் போட்டேன். முகூர்த்தம் ஓடியது, விருந்து ஓடியது. நலங்கு வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. குறுந்தட்டு உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் படிக்கப்படுகிறது. வெப்பமும் ஈரமும் கைபட்ட கீறலும் அதிகம் தாக்குவது வெளி ஓரத்தை. எங்கள் காணொளியில் நலங்கு இருந்தது இரண்டாம் தட்டின் கடைசியில்.

மூலக் கோப்பு எங்கே என்று கேட்பீர்கள். தட்டு செய்த மறுவாரமே, கணினியில் இடம் போதவில்லை என்று நானே அழித்துவிட்டேன். அதுதான் இருக்கே, தட்டு எங்கே போயிடப்போகுது என்ற நினைப்பு. கனடாவிலும் யாரிடமும் இல்லை. வேறொரு பழைய கணினியின் தட்டுப்பெட்டியில் திரும்பத் திரும்பப் படிக்க வைத்து, ஐந்து பாட்டில் மூன்றை மீட்டேன். மற்ற இரண்டும் போயின. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லாத வீட்டுப் பாட்டுகள்.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளியில் நாடக விழா, கவிதை ஒப்புவித்தல், விளையாட்டுப் போட்டி என்று எழுதிவைத்த தட்டுகள் நிச்சயம் இருக்கும். இந்த விடுமுறையிலேயே எடுத்துப் பாருங்கள். விசிடியானால் எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். டிவிடியானால் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறை முழுவதும் வேண்டும். அவற்றை அப்படியே நகலெடுங்கள். வேறு வகைக்கு மாற்றுவது பிறகு. முதலில் உள்ளது உள்ளபடி. இரண்டு இடத்தில் வையுங்கள். முக்கியமாக, மாற்றி முடித்தோம் என்று மூலத்தை அழிக்காதீர்கள்.

மாற்றம் என்பது எப்போதும் ஒரு பேரம். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிறோம். எதைக் கொடுத்தோம் என்பது பல நேரம் இருபது ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது. வரலாறு படிப்பதன் பயனும் அதை முன்கூட்டியே கேட்கக் கற்பதுதான்.

மாணவர்கள் சிந்திக்க

1. விசிடியின் படத்தெளிவுக்கு 1982-இன் இசைத்தட்டு எவ்வாறு எல்லை வகுத்தது? கணக்குடன் விளக்குக.
2. 700 மெகாபைட் கோப்பு 700 மெகாபைட் தட்டில் அடங்கியும் பிளேயரில் ஓடாததன் காரணம் யாது?
3. விசிடி ஆசியாவில் செல்வாக்குப் பெற்றதற்கான காரணங்கள் இரண்டனை எழுதுக.
4. உங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய தட்டைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக. முடிந்தால் அந்தத் தட்டையும் காப்பாற்றுக.