வேதாகமத்தின் வெற்றுத்தாளில் ஒரு தேதி

உப்புவெளியில் பெரியம்மா வீட்டிலிருந்த குடும்ப வேதாகமத்துக்கு முகப்புத்தாள் இல்லை, கறையான் தின்றுவிட்டது. அதன் காலத்தை அறிய ஒரு சொல்லே உதவிற்று. பப்ரீசியஸ் மொழிபெயர்ப்பில் இறைவன் ‘பராபரன்’. 1871இல் நிறைவுற்ற பவர் ஐயரின் திருப்புதலில் ‘தேவன்’. எங்களுடையதில் ‘தேவன்’.

இரு ஏற்பாடுகளுக்கும் இடைப்பட்ட வெற்றுத்தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம். முதற் பதினொரு பதிவுகளும் ஒரே கை, ஒரே மை. ஆகவே அவை அவ்வப்போது எழுதியவையல்ல. பின்னாளில் ஒரே அமர்வில் படியெடுத்தவை. அப்படியே நம்பலாகாது. (பத்திரிகைத் தொழில் தந்த சந்தேகபுத்தி!)

பிந்தியவற்றில் கையும் மையும் மாறுகின்றன. அவற்றுள், பாட்டனாரின் தம்பியைப் பற்றிய வரி என்னை நிறுத்தியது: ‘1942 சித்திரை 9, வியாழன், காலமானார்.’

காய்ச்சல் என்றே வீட்டில் சொல்லிவந்தனர். ஆனால் அவர் துறைமுகத்தில் கூலிவேலை பார்த்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில்தான் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. நான்கு நாள் முன்னர், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டிருந்தது.

பெரியம்மாவிடம் கேட்டேன்.

“காய்ச்சல் எண்டுதான் அம்மா சொன்னவ. ஆனா உடம்பு வீட்டுக்கு வரேல்லை, தம்பி.”

நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். வெட்டிய புல், வரிசையாகக் கற்கள். படைவீரர்களின் பெயர், பதவி, தேதி. அவர் பெயரில் கல் இல்லை.

திரும்பியதும் பெரியம்மா பேனாவை நீட்டினார். “பக்கத்தில ‘துறைமுகத்தில்’ எண்டு எழுதிவிடு.”

தேதி பொருந்துகிறது, ஆனால் கண்டவர் எவருமில்லை. நான் இன்னும் எழுதவில்லை.