இரண்டு கண்களும் பன்னிரண்டு கைகளும்

பத்துமலைக்கு வரும் எவருக்கும் சூரபத்மன் கதை தெரியும். பெருங்குற்றம் புரிந்த அந்த அசுரனை முருகன் அடியோடு அழித்துவிடவில்லை. மாமரமாக நின்றவனை வேலால் பிளந்து, ஒரு பாதியை மயிலாக்கி வாகனமாக வைத்துக்கொண்டான். மறுபாதியைச் சேவலாக்கிக் கொடியில் ஏற்றினான். காவடிக்கு மூலவனான இடும்பனும் அசுரர் கூட்டத்தைச் சேர்ந்தவனே. முருகனோடு மோதி வீழ்ந்தவன், உயிர்பெற்று எழுந்து சந்நிதிக்குக் காவலனானான். தவறு செய்தவனுக்கும் ஓர் இடமும் ஒரு வேலையும் உண்டு என்பதை 272 படிகள் ஏறும் பக்தர் கூட்டம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. படி இறங்கிய பிறகும் அது நினைவில் நிற்கிறதா?

இதே கேள்வியை 1957-இல் ஓர் இந்திப் படம் எழுப்பியது. வி. சாந்தாராம் இயக்கி நடித்த 'தோ ஆங்கேன் பாரா ஹாத்'. 'இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள்' என்பது அதன் பொருள். ஆறு முகமும் பன்னிரு கையும் கொண்ட தெய்வத்தை வணங்கும் தமிழருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

ஆதிநாத் என்ற சிறை அதிகாரி, ஆறு கொலைக் குற்றவாளிகளைத் தன் பொறுப்பில் வெளியே அழைத்துச் செல்கிறார். விலங்கு இல்லை, மதில் இல்லை. தரிசு நிலத்தைப் பண்படுத்திக் காய்கறி விளைவிக்கிறார்கள். தப்பி ஓட நினைத்தாலும் அதிகாரியின் இரு கண்களும் தங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதாக உணர்ந்து திரும்பி வருகிறார்கள். நியாய விலைக்கு விற்ற காய்கறி, சந்தை வியாபாரியின் பகையைக் கொண்டுவருகிறது. விளைச்சலை அழிக்க ஏவிவிடப்பட்ட மாடுகளைத் தடுக்கப் போராடி ஆதிநாத் உயிரை விடுகிறார். இந்திய அரசின் குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கத்தைப் பெற்ற இப்படம், 1958-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருதையும் வென்றது.

இது வெறும் கற்பனையல்ல. மராட்டிய மண்ணில் ஔந்த் என்ற சிறிய சமஸ்தானம் இருந்தது. காந்தியின் ஆலோசனையோடு மக்களுக்கு ஆட்சியுரிமை வழங்கிய சமஸ்தானம் அது. அங்கே மௌரிஸ் ஃப்ரிட்மன் என்ற போலந்து நாட்டுப் பொறியியலாளர் மதில் இல்லாத சிறையைத் தொடங்கினார். ஆட்பாடி அருகே அமைந்த அந்தக் குடியிருப்பின் பெயர் ஸ்வதந்திரபூர். சுதந்திர ஊர் என்று பொருள். திருவண்ணாமலை ரமணாசிரமத்திற்கும் இதே ஃப்ரிட்மன் நெருக்கமானவர் என்பது தமிழர்கள் அறிய வேண்டிய செய்தி.

தமிழில் இக்கதை 1975-இல் 'பல்லாண்டு வாழ்க' ஆனது. அதிகாரியாக எம்.ஜி.ஆர். குற்றவாளிகளாக எம்.என். நம்பியார், பி.எஸ். வீரப்பா, ஆர்.எஸ். மனோகர் முதலானோர். ஆண்டாண்டு காலமாக வில்லன்களாகவே பார்த்துத் திட்டித் தீர்த்த முகங்கள் திருந்துவதை ரசிகர்கள் கண்டார்கள். இந்தப் படத்தின் பாதி வெற்றி அந்தத் தேர்விலேயே இருந்தது.

ஆனால் நம் வட்டாரத்தில் நடந்த ஒரு நிகழ்வு, திரைக்கதைக்கு நேர்மாறாக முடிந்தது. சிங்கப்பூருக்குத் தெற்கே புலாவ் செனாங் என்ற தீவு. 1960-இல் ரகசியச் சங்கங்களைச் சேர்ந்த கைதிகளை அங்கே குடியேற்றினார்கள். உழைப்பு மனிதனை மாற்றும் என்று உறுதியாக நம்பியவர் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன். காடாகக் கிடந்த தீவைக் கைதிகளே சாலைகளும் கட்டடங்களும் கொண்ட குடியிருப்பாக்கினார்கள். 1963 ஜூலை 12-ஆம் தேதி அதே கைகள் அதற்குத் தீ வைத்தன. டட்டனும் அவருடைய அதிகாரிகள் மூவரும் கொல்லப்பட்டார்கள். 1965 அக்டோபரில் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

அப்படியானால் நம்பிக்கை தோற்றுவிட்டதா? அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. புலாவ் செனாங் கைதிகள் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்கள். தண்டனைக்கு இத்தனை ஆண்டு என்ற கணக்கு அவர்களுக்கு இல்லை. வேலைக்கு மறுத்தவர்கள் மீண்டும் சாங்கி சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலை இன்னும் தள்ளிப்போனது. கொலைக்கு இது நியாயமாகிவிடாது. என்றாலும், விடியும் நாள் தெரியாதவனுக்கு உழைப்பும் ஒரு விலங்குதான் என்பதை அந்தத் தீவு உணர்த்தியது.

இது பழங்கதை என்று மலேசியத் தமிழர்கள் ஒதுக்கிவிட முடியாது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்ற தகவலும் சேர்ந்தே வந்தது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை எத்தனையோ வீடுகளின் கவலை அது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2008-இல், நாட்டில் பரோல் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. தண்டனையின் ஒரு பகுதியை வெளியில், அதிகாரியின் கண்காணிப்பில் கழிக்கலாம். சட்டம் இரண்டு கண்களைக் கொடுத்துவிட்டது.

கைகளுக்கு வேலை கொடுப்பது யார்? சிறையிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் கடை முதலாளி தயங்குகிறார். வீட்டுக்காரர் அறை தர மறுக்கிறார். உறவினர் கல்யாணத்திற்கு அழைப்பதில்லை. பழைய கும்பல் மட்டும் வாசலில் வந்து நிற்கிறது. ஆதிநாத்தின் ஆறு பேருக்கும் நிலம் இருந்தது, விளைந்ததை விற்க ஒரு சந்தை இருந்தது. அந்தச் சந்தையில்தான் அவர்களுக்கு எதிர்ப்பும் கிளம்பியது.

மகன் திருந்த வேண்டும் என்று பத்துமலையில் நேர்ந்துகொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்த மகன் காவடியை இறக்கி வைத்த மறுநாள் காலை அவனுக்கு ஒரு வேலை வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள், அவனோடு சேர்ந்து படி ஏறியவர்கள்தான்.