படத்தேர்வும் இதழ்ப்பணியும்: ஏ. கே. செட்டியார் காட்டிய நெறி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைவழி 17 கொண்டையூசி வளைவுகளை உடையது. இன்று அவ்வழியே செல்வோர் வளைவுதோறும் நின்று கைப்பேசியில் நிழற்படம் எடுக்கின்றனர். முகில் தவழும் சரிவும், ஏலத் தோட்டமும், கீழே விரிந்து கிடக்கும் வயல்வெளியும் நாள்தோறும் எண்ணிறந்த படங்களாகின்றன. அவற்றுள் எது நாளை வரலாற்றுச் சான்றாக நிற்கும் என வினவின், விடை கூறல் அரிது. எடுத்தவர் யார், எடுத்த நாள் எது, படத்தில் உள்ளவர் யாவர் என்னும் குறிப்பற்ற படம், பாடினோரும் பாடப்பட்டோரும் அறியப்படாத தனிப்பாடலை ஒத்தது. படம் எடுத்தல் ஒரு தொழில். எடுத்தவற்றைத் தேர்ந்து, மெய்ம்மை கண்டு, குறிப்பு வரைந்து, உரிய இடத்தில் அமைத்தல் மற்றொரு தொழில். இவ்விரண்டிலும் தேர்ச்சி பெற்ற தமிழர் ஒருவரின் பணியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழ்களில் படம் இடம்பெற்ற வரலாறு நெடியது. 1842-இல் இலண்டனில் தோன்றிய படச் செய்தித்தாள் மரச்செதுக்குப் படங்களையே வெளியிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நிழற்படத்தை நுண்புள்ளிகளாகப் பிரித்து உலோகத் தகட்டில் அரித்தெடுக்கும் ‘பிளாக்’ முறை பரவிய பின்னரே நிழற்படம் நேரே அச்சேறியது. 1936-இல் அமெரிக்காவில் ‘லைஃப்’ இதழ் புதுவடிவிலும், 1938-இல் இங்கிலாந்தில் ‘பிக்சர் போஸ்ட்’ இதழ் புதிதாகவும் வெளிவந்தன. எழுத்துக்குத் துணையாக இருந்த படம், அவ்விதழ்களில் தானே செய்தியை நடத்திச் செல்லும் தகுதி பெற்றது. படத்தேர்வாளர் என்னும் பணியாளரும் ஆசிரியர் குழுவில் சிறப்பிடம் பெறலாயினர்.

அக்காலத்தேதான் ஏ. கே. செட்டியார் அமெரிக்காவில் நிழற்படக்கலை பயின்றார். 1911-இல் கோட்டையூரில் பிறந்த அவர், இளமையிலேயே இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக விளங்கினார். பின்னர்த் தோக்கியோவிலும், அதனை அடுத்து நியூயார்க்கிலும் அக்கலையை முறையாகக் கற்றார். இதழாசிரியர் ஒருவர் கடல் கடந்து சென்று இக்கலையைக் கற்றமை கருதற்பாலது. எழுத்தறிவும் படவறிவும் ஒருவரிடத்தே கூடியதன் பயன் விரைவில் வெளிப்பட்டது.

1937-இல் நியூயார்க்கிலிருந்து கப்பலில் செல்லும்போது, காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் ஒன்று ஆக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தோன்றியது. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களுக்குச் சென்று பழைய படச்சுருள்களைத் தேடினார். ஏறத்தாழ 30 ஆண்டுகளில் நூற்றுவர் அளவினரான படப்பிடிப்பாளர் எடுத்தவை, சுமார் 50,000 அடி நீளம் திரண்டன. 1940-இல் சென்னையில் வெளியான படத்தின் நீளமோ சுமார் 12,000 அடியே. திரட்டியவற்றுள் முக்கால் பங்கிற்கு மேல் விலக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். இது திரைப்படமே ஆயினும், பிறர் எடுத்த படங்களைத் தேடிக் கண்டு, காலநிரல்படுத்தி, வேண்டாதவற்றை நீக்கி, ஒரு வரலாறாக ஆக்கிய இச்செயல் படத்தேர்வாளரின் செயலே என்க. கொள்வதினும் தள்ளுவதிலேயே அத்தொழிலின் திறம் புலனாகும்.

1943-இல் அவர் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழிலும் இந்நெறியே ஆட்சி புரிந்தது. மறைந்துபோன பழைய எழுத்துகளைத் தேடித் தேர்ந்து அவர் மீண்டும் வெளியிட்டார். தமது திரைப்படப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியவை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகப் பின்னர் வெளிவந்தன.

ஆயினும், இத்துணை உழைப்பில் உருவான அப்படத்தின் தமிழ் வடிவம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அதன் சுருக்கிய ஆங்கில வடிவம் ஒன்றையே அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் ஆ. இரா. வேங்கடாசலபதி கண்டறிந்தார். உலகெங்கும் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டியவரின் ஆக்கமே பேணுவாரின்றி மறைந்தது இரங்கத்தக்கது. தேர்தலும் தொகுத்தலும் மட்டும் போதா. காத்தலும் வேண்டும் என்பதை இஃது உணர்த்துகின்றது.

போடிநாயக்கனூருக்கு 1928-இல் வந்த மீட்டர்ப் பாதை இன்று இல்லை; 2023-இல் அகலப்பாதையில் வண்டி வந்தது. பழைய பாதையையும், மலையேறிய தோட்டத் தொழிலாளரையும் காட்டும் படங்கள் எவ்வீட்டுப் பெட்டியில் இருப்பினும், பெயரும் நாளும் கூறவல்ல முதியோர் வாழும் நாளிலேயே அவற்றின் புறத்தே குறிப்பு எழுதப்படல் வேண்டும். நிழற்படத் தொழிலையும் இதழ்ப்பணியையும் நாடும் மாணவர்க்கு இதுவே முதற்பயிற்சியாக அமையத்தக்கது. கருவி எளிதிற் கிடைக்கும் இந்நாளில் அருமையாவது படமன்று; படத்தின் மெய்ம்மைக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியரே ஆவார்.