முகச் சுருக்க ஊசிகள்

வயது ஏற ஏற முகத்தில் விழும் கோடுகளையும் பள்ளங்களையும் தணிப்பதற்காகத் தசையிலோ தோலுக்கு அடியிலோ செலுத்தப்படும் மருந்துகள் முகச் சுருக்க ஊசிகள் எனப்படுகின்றன. இவற்றுள் பெருவழக்கானவை இரண்டு. ஒன்று, தசையைச் சில மாதங்களுக்குச் செயலிழக்கச் செய்யும் போட்டுலினம் நச்சு. அதன் வணிகப் பெயர்களுள் ஒன்றான போடாக்ஸ் என்பதே மக்கள் பேச்சில் நிலைத்துவிட்டது. மற்றொன்று, வற்றிப்போன சதைப்பற்றை ஈடுசெய்யும் ஃபில்லர். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மருத்துவரிடம் வருவோர் பலர். வேலை செய்யும் விதத்திலும், பலன் தங்கும் காலத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆபத்திலும் இவை வெவ்வேறானவை.

முகம் மூப்படைவது தோலில் மட்டும் நடக்கும் மாற்றமன்று. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இளமை கடந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது. கன்னக் கொழுப்பும் வற்றுகிறது. அது ஒரே படலமாக இல்லாமல் தனித்தனி அறைகளாக அமைந்திருப்பதை ராட் ரோரிக், ஜோயல் பெசா ஆகிய இருவரும் 2007இல் உடற்கூற்று ஆய்வால் காட்டினர். ஒவ்வோர் அறையும் தன் போக்கில் சுருங்குவதால்தான் முகம் ஓரிடத்தில் குழிந்தும் ஓரிடத்தில் தொங்கியும் காணப்படுகிறது. கண்குழியையும் தாடையையும் சூழ்ந்த எலும்பும் மெல்லத் தேய்கிறது. புருவத்தை நெரிக்கும்போது மட்டும் எழுந்த கோடு, ஆண்டுகள் போனபின் முகம் அமைதியாக இருக்கும்போதும் அகலாமல் தங்கிவிடுகிறது. தசையால் எழும் கோட்டுக்கு நச்சு. தேய்மானத்தால் விழும் பள்ளத்துக்கு ஃபில்லர். வெயிலால் கெட்ட தோலுக்கு இவை இரண்டுமே மருந்தல்ல.

மெழுகும் சிலிக்கோனும்

முகத்துக்குள் எதையாவது செலுத்திப் பள்ளத்தை நிரப்பலாம் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் குஸ்டாவ் நோய்பர் 1893இல் நோயாளியின் கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கொண்டு முகத்தில் இருந்த வடுக்குழியை நிரப்பினார். சொந்த உடலின் பொருளையே கொண்டு தொடங்கிய இந்த வழி அப்படியே வளர்ந்திருந்தால் எத்தனையோ முகங்கள் தப்பியிருக்கும். ஆனால் 1899இல் வியன்னாவின் ராபர்ட் கெர்சூனி, விரையை இழந்த ஓர் இளைஞருக்குப் பாரஃபின் வகைப் பொருளை ஊசியால் செலுத்தி வடிவம் தந்தார். அதைக் கேள்விப்பட்டவர்கள் அந்த முறையை மூக்குக்கும் கன்னத்துக்கும் கொண்டுபோனார்கள்.

ஊசி போட்ட சில மாதங்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு மெழுகு இடம் பெயரும்; அதைச் சுற்றி உடல் கட்டியெழுப்பும் தழும்புத் திசு கல்லாக இறுகும்; தோல் புண்ணாகி உடையும். இந்தக் கட்டிகளுக்குப் பாரஃபினோமா என்று பெயரே வைக்கவேண்டி வந்தது. பேரழகி என்று ஐரோப்பா கொண்டாடிய கிளாடிஸ் டீக்கன் மூக்குத் தண்டில் மெழுகு செலுத்திக்கொண்டார். பின்னாளில் மார்ல்பரோ பிரபுவின் மனைவியான அவருடைய முகத்தில் அந்த மெழுகு கீழிறங்கி வாழ்நாள் முழுவதற்குமான சிதைவை விட்டுச்சென்றது.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும் பிறகு அமெரிக்காவிலும் திரவ சிலிக்கோன் அதே இடத்தைப் பிடித்தது. மார்பகத்திலும் முகத்திலும் செலுத்தப்பட்ட சிலிக்கோன், கட்டிகளாகவும் அழற்சியாகவும் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டியது. நடனக் கலைஞர்கள் பலர் பாதிக்கப்பட்டபின், 1970களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் இந்த ஊசியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. எடுக்க முடியாத பொருளை உயிருள்ள திசுவுக்குள் வைக்கக்கூடாது என்பதற்கு இரண்டு தலைமுறை நோயாளிகள் விலை கொடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான வழியை 1981 திறந்தது. மாட்டுத் தோலிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய கொலாஜன் ஊசியான ஸைடெர்முக்கு அந்த ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. சில மாதங்களில் கரைந்துபோகும் என்பது அதன் குறையாகப் பேசப்பட்டது. உண்மையில் அதுவே அதன் நற்குணம். நூற்றில் மூவருக்கு ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் முன்கையில் சோதனை ஊசி போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தது.

நஞ்சு மருந்தான கதை

போட்டுலினம் நச்சின் வரலாறு அழகிலிருந்து தொடங்கவில்லை, பசியிலிருந்து தொடங்குகிறது. நெப்போலியன் போர்கள் வறுமையாக்கிய தெற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், கெட்டுப்போன இரத்தச் சாசேஜைத் தின்று பலர் மடிந்தனர். மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் (1786–1862) அந்த நோயாளிகளை ஒவ்வொருவராகக் கவனித்துப் பதிவு செய்தார். 1822இல் வெளியான அவருடைய நூலில் 155 பேரின் விவரங்கள் உள்ளன. இமை தொங்குவது, வாய் வறள்வது, விழுங்க முடியாமல் போவது, கடைசியில் மூச்சு நிற்பது, அதுவரையிலும் அறிவு தெளிவாக இருப்பது என அவர் எழுதிவைத்த வரிசை இன்றைய பாடநூலுக்கும் பொருந்தும். சாசேஜிலிருந்து பிரித்த சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்ததோடு நில்லாமல் தம் உடம்பிலும் சோதித்தார். மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அடங்காமல் துடிக்கும் நரம்புகளை இது அமைதிப்படுத்தும் என்றும் எழுதினார். நோய்க்குக் கிருமி காரணம் என்ற கோட்பாடு நிலைபெறாத காலத்தில் ஒரு மாவட்ட மருத்துவர் கண்ட இந்தத் தொலைநோக்கை மருத்துவ வரலாற்றின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாகவே சொல்லவேண்டும்.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில் சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித் தொடைக்கறியை உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் அந்தக் கறியிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் காற்றில்லாச் சூழலில் வளரும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்.

அடுத்த கட்டம் போர்க்கூடத்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் மேரிலாண்டில் இருந்த டெட்ரிக் முகாம் இந்த நச்சை ஆயுதமாக ஆராய்ந்தது. 1946இல் ஏ வகை நச்சு அங்கே படிக வடிவில் கிடைத்தது. அந்தப் பணியில் இருந்த எட்வர்ட் ஷான்ட்ஸ் பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கேட்ட ஆய்வாளர்களுக்கு நச்சை அனுப்பியும் வந்தார். கேட்டவர்களுள் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணைக் கத்தியின்றிச் சரிசெய்ய, இழுக்கும் தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். குரங்குகளில் அவர் செய்த சோதனை 1973இலும், மனிதர்களில் செய்தது 1980இலும் வெளியாயின. 1979இல் ஷான்ட்ஸ் தயாரித்த ஒரே ஒரு தொகுதிதான் 1997 வரை நோயாளிகளுக்குப் பயன்பட்டது. அவ்வளவு குறைந்த அளவே தேவைப்படும் பொருள் இது. ஸ்காட்டின் மருந்தான ஆக்குலினம் 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் ஒப்புதல் பெற்றது. பிறகு அல்லர்கன் நிறுவனத்தின் கைக்கு வந்து போடாக்ஸ் ஆனது.

ஸ்காட்டிடம் பயின்ற ஜீன் கரூதர்ஸ், கனடாவின் வான்கூவரில் இமை இழுப்புக்கு இந்த ஊசியைப் போட்டுவந்தார். 1987இல் ஒரு நோயாளி, புருவ நடுவிலும் ஊசி போடுமாறு கேட்டார். இழுப்பு அங்கே இல்லையே என்றதற்கு, அங்கே போட்டால் முகத்தில் கவலை நீங்கித் தெளிவு வருகிறது என்றார் அவர். ஜீனின் கணவர் அலஸ்டெய்ர் தோல் மருத்துவர். புருவ நடுக் கோடுகளுக்கு நல்ல வழி கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து முயன்றபோது நஞ்சை முகத்தில் ஏற்றிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. தங்கள் மருத்துவமனையின் வரவேற்பாளருக்கு முதலில் போட்டார்கள். ஜீன் தாமும் போட்டுக்கொண்டார். 18 பேரிடம் கண்ட முடிவுகளை 1992இல் வெளியிட்டார்கள். முகவாதத்தால் கோணிய முகத்தைச் சமன்செய்ய மருத்துவர் ரிச்சர்ட் கிளார்க் இதைப் பயன்படுத்தியதை 1989இலேயே எழுதியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். அமெரிக்காவில் புருவ நடுக் கோட்டுக்கான ஒப்புதல் 2002 ஏப்ரலில் வந்தது. கண்ணோரக் கோட்டுக்கு 2013இலும், நெற்றி வரிக்கு 2017இலும், கழுத்துத் தசைப்பட்டைக்கு 2024இலும் அது விரிந்தது. முகத்துக்குப் போட்டுக்கொண்டவர்கள் தலைவலி குறைந்ததாகச் சொன்னதிலிருந்து ஒற்றைத் தலைவலிக்கான பயனும் தெரியவந்தது.

மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தசைக்குச் சொல்வது அசிட்டைல்கோலின். நரம்பு முனையில் அதை வெளியேற்றும் கருவியின் ஓர் உறுப்பு ஸ்னாப்-25 என்ற புரதம். நச்சு அதை வெட்டிவிடுகிறது. தசை கட்டளையின்றி ஓய்கிறது. மேலுள்ள தோல் மடிவதில்லை. இரண்டு மூன்று நாளில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழுமை பெறும் இந்தப் பலன் மூன்று நான்கு மாதத்தில் நீங்கும். புருவ நடுவுக்கு வழக்கமான அளவு ஐந்து இடங்களில் மொத்தம் 20 அலகு. ஓர் அலகு என்பது ஒரு தொகுதிச் சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் அளவு என்று வரையறுக்கப்பட்டது. மனிதரின் நெற்றி வரிக்காக எண்ணற்ற சுண்டெலிகள் மூச்சுத் திணறிச் செத்திருப்பது இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத பகுதி. உயிரணுக்களைக் கொண்டு செய்யும் மாற்றுச் சோதனைக்கு 2011இல்தான் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஒரு நிறுவனத்தின் அலகு இன்னொன்றின் அலகுக்குச் சமமல்ல.

கரையும் ஃபில்லர்

இன்று ஃபில்லர் என்றால் பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம். கார்ல் மேயரும் ஜான் பால்மரும் 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாட்டுக் கண்ணின் கூழிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே உண்டு, நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் அப்படியே செலுத்தினால் சில நாளில் சிதைந்துபோகும். அதன் இழைகளை வேதிப்பிணைப்பால் கோத்து நீடிக்கச் செய்த சுவீடனின் ரெஸ்டிலேன் 1996இல் ஐரோப்பாவிலும் 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் சந்தைக்கு வந்தது. கொலாஜனை அது சில ஆண்டுகளில் ஓரங்கட்டிவிட்டது. ஒவ்வாமைச் சோதனை வேண்டாம் என்பதோடு, தவறு நேர்ந்தால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். மெழுகுக் காலத்து நோயாளிகளுக்கு வாய்க்காதது இதுதான்.

எச்.ஐ.வி. மருந்துகளால் கன்னம் ஒட்டிப்போனவர்களுக்காக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஸ்கல்ப்ட்ரா வேறு வகை. பாலிலாக்டிக் அமிலத் துகள்கள் உடலைத் தூண்டித் தானே கொலாஜன் உருவாக்கச் செய்கின்றன. அதைக் கரைக்க நொதி கிடையாது.

ஃபில்லரின் பேராபத்து இரத்தக் குழாயில் இருக்கிறது. புருவ நடுவிலும் மூக்கிலும் ஓடும் தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புள்ளவை. ஊசி முனை தவறிக் குழாய்க்குள் புகுந்தால், கூழ் பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும். பார்வை நொடிகளில் போகும், பெரும்பாலும் திரும்புவதில்லை. 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. தோல் வெளுப்பதும், ஊசி போட்ட சிறிது நேரத்தில் கடும் வலி எழுவதும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அறிகுறிகள் அல்ல.

நச்சின் ஆபத்து அளவிலும் போலியிலும் உள்ளது. இமை தொங்குவது சில வாரங்களில் சரியாகும். 2004இல் ஃபுளோரிடாவில், மனிதருக்குப் பயன்படுத்தக்கூடாத ஆய்வகத் தர நச்சு ஏற்றப்பட்ட நால்வர் மாதக்கணக்கில் செயலிழந்து கிடந்தனர். 2024இல் போலி மருந்தாலும் பயிற்சியற்ற கைகளாலும் அமெரிக்காவில் மீண்டும் பலர் மருத்துவமனைக்குப் போகநேர்ந்தது. இங்கிலாந்து 2021 அக்டோபர் முதல், 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக இவ்வூசிகள் போடுவதைக் குற்றமாக்கியது.

மற்ற சிகிச்சைகள்

முகத்தோலை வெட்டி இழுத்துத் தைக்கும் அறுவை 1901இல் பெர்லினில் ஆய்கன் ஹோலெண்டர் செய்ததாகப் பதிவாகியிருக்கிறது. பாரிஸின் சூசன் நோயெல் 1926இல் எழுதிய நூல், பிழைப்புக்கு இளமைத் தோற்றம் தேவைப்பட்ட உழைக்கும் பெண்களின் பக்கம் நின்று பேசியது. தோலுக்கு அடியிலுள்ள தசைநார்ப் படலத்தை இழுத்துக் கட்டும் இன்றைய முறைக்கு 1976இல் மிட்ஸ், பெரோனி இருவரின் உடற்கூற்று விளக்கம் அடிப்படையானது. தொங்கிவிட்ட தாடைக்கு எந்த ஊசியும் அறுவைக்கு ஈடாகாது. அதைச் சொல்லாமல் ஃபில்லரை மேன்மேலும் ஏற்றுவதால்தான் முகங்கள் வீங்கித் தெரிகின்றன.

வெயிலால் மூப்படைந்த தோலுக்கு ட்ரெடினாயின் க்ரீம் பலன் தருவதை ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986இல் காட்டினர். அதே கிளிக்மன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளைச் சோதனைப் பொருளாக்கியவர் என்பதும் இதே வரலாற்றில் எழுதப்படவேண்டும். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியோரின் தோல் மூப்பு நாலரை ஆண்டில் மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது. ஊசியைவிட மிகக் குறைந்த செலவில் கிடைப்பது இது.

கருமையும் மாநிறமுமான தமிழர் தோலில் நெற்றிக் கோடுகளைவிடக் கருந்திட்டுகளும் நிறச் சமமின்மையும் முன்பே வருகின்றன. அடர்த்தியான மெலனின் வெயிலைத் தடுக்கிறது. ஆனால் தோல் புண்பட்டால் கருமை படர்ந்து மாதக்கணக்கில் தங்குகிறது. ஆகவே வெள்ளைத் தோலுக்கு வகுத்த லேசர் அளவையும் அமில பீலிங்கையும் இங்கே அப்படியே பின்பற்றுவது பெருந்தவறு. போட்டுலினம் நச்சு இந்தியாவில் மருத்துவர் பரிந்துரையின் பேரில் மட்டுமே விற்கத்தக்க மருந்து. ஊசி போட்டுக்கொள்ள எண்ணுபவர், போடுபவரின் தகுதியையும், குப்பியின் பெயரையும் காலாவதித் தேதியையும், எத்தனை அலகு என்பதையும், ஹயலூரானிடேஸ் கைவசம் உள்ளதா என்பதையும் கேட்கவேண்டும். கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தவிர்க்கவேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோயுள்ளோருக்கு நச்சு ஊசி கடும் பலவீனத்தை உண்டாக்கலாம். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் நச்சின் வேகத்தைக் கூட்டும் என்பதால், அவற்றை எடுத்துக்கொண்டிருப்பவர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.